சேறு இளகும் முன்: வெர்மான்ட்டில் எட்டு நாள்

மார்ச் 1, 2025, சனி

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள வெர்மான்ட் மாநிலத்தின் தலைநகர் மான்ட்பீலியரிலிருந்து அரைமணி தூரத்தில் ஒரு மலைக்கிராமம். கடைசி மூன்று மைலில் ஜிபிஎஸ் ஒரு குறுக்குவழியைக் காட்டி, ஆறு நிமிடம் மிச்சம் என்றது. முதல் கால் மைல் பனியை வழித்துத் தள்ளிய நல்ல மண்சாலை. பிறகு ஒரு வீட்டு வாசலோடு அந்தத் தடம் நின்றுவிட்டது. அப்பால் இடுப்பளவு பனி, நடுவே ஸ்னோமொபைல் என்ற பனிவண்டி போன கோடு. தடுப்பு கிடையாது, பலகை கிடையாது, வண்டியைத் திருப்ப இடமும் கிடையாது. இருட்டில் கால் மைல் பின்னோக்கியே ஓட்டி வர வேண்டியதாயிற்று. வீட்டிலிருந்து ஒரு அம்மாள் டார்ச்சோடு இறங்கி வந்து, எதுவும் கேட்காமலே கை காட்டிப் பின்னால் எடுக்க உதவினார். அவருக்கு நல்ல பழக்கம் என்பது கை காட்டிய விதத்திலேயே தெரிந்தது.

காரணம் எளிது. இங்கே ஊர்ச்சாலைகளுக்கு நான்கு வகுப்புகள். மூன்றாம் வகுப்பு வரை ஊர் பராமரித்தாக வேண்டும், மாநிலத்தின் மானியமும் அதுவரைக்கும்தான். நான்காம் வகுப்பு சட்டப்படி பொதுச்சாலை. ஆனால் குளிர்காலத்தில் அதில் பனி தள்ள ஊருக்குக் கடமை இல்லை. ஜிபிஎஸ்ஸுக்கு எல்லாமே ஒரே வெள்ளைக் கோடு. வெளியூர்க்காரர்கள் செய்ய வேண்டியது, தங்கும் வீட்டுக்காரரிடம் கடைசி ஐந்து மைலுக்கு வழியை வாயால் கேட்டு எழுதிக்கொள்வது. கைப்பேசி சிக்னலும் அந்த ஐந்து மைலில்தான் போகும்.

வழி தெரியாமல் போனால் சாலையோரப் பலகை பார்த்துச் சமாளிக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. 1968இல் சட்டம் போட்டு விளம்பரப் பலகைகளை ஒழித்துவிட்டார்கள். கடை, விடுதி எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் சின்ன வழிகாட்டிப் பலகைதான். கண்ணுக்குக் குளிர்ச்சி. பெட்ரோல் முள் கீழே இறங்கும்போது அவ்வளவு குளிர்ச்சியாக இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு வெளியே மைனஸ் 19 டிகிரி செல்சியஸ். வீட்டுக்குள் 13. இரவில் விறகு அடுப்பு அணைந்திருக்கிறது. இந்த மாநிலத்தில் விறகு ஏழைகளின் எரிபொருளும் அல்ல, வசதிக்காரர்களின் அலங்காரமும் அல்ல. எண்ணெய் விலை ஏறினால், மின்சாரம் போனால், கைகொடுப்பது அதுதான். ஒரு சுமாரான வீட்டுக்கு ஒரு குளிர்காலத்துக்கு நான்கிலிருந்து ஆறு கார்ட் விறகு போகும். ஒரு கார்ட் என்பது 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம் நெருக்கி அடுக்கியது, அதாவது 128 கன அடி. 16 அங்குலத் துண்டுகளை ஒற்றை வரிசையாக அடுக்கி ‘ஃபேஸ் கார்ட்’ என்று விற்பவர்களும் உண்டு. அது முழு கார்டில் மூன்றில் ஒரு பங்குதான். கேட்காமல் வாங்கினால் ஏமாற வேண்டியதுதான்.

இன்னொரு ஏமாற்று, ‘காய்ந்த விறகு’ என்ற சொல். மார்ச்சில் வெட்டிப் பிளந்து அடுக்கினால்தான் அடுத்த குளிர்காலத்துக்கு எரிக்க லாயக்கு. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மீட்டர் இல்லாவிட்டால் இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பார்க்கலாம். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரம் ‘தொப்’ என்கும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து வெளியே ஓடும் வெடிப்புகளும் காய்ந்ததற்கு அடையாளம். மீட்டர் வைத்துப் பார்ப்பதானால் துண்டை அப்போதே பிளந்து உள்முகத்தில் குத்த வேண்டும். வெளிமுகம் பொய் சொல்லும்.

பற்றவைக்கும் முறை நம் வீட்டு அடுப்புக்கு நேர் தலைகீழ். தடித்த இரண்டு கட்டை அடியில், நடுத்தரம் மூன்று குறுக்கே, அதன்மேல் சுள்ளி, உச்சியில் கசக்கிய செய்தித்தாள். நெருப்பு உச்சியில் வைக்கப்படுகிறது. தீ மேலிருந்து கீழே இறங்கும்போது புகைபோக்கி முதலில் சூடாகிவிடுகிறது, அறைக்குள் புகை திரும்புவதில்லை. மைனஸ் 19இல் புகைபோக்கிக்குள் கனத்த குளிர்காற்று அடைத்துக்கொண்டு நிற்கும். அப்போது ஒரு தாளைக் கொளுத்திப் புகைவழியின் வாயில் ஒரு நிமிடம் பிடித்துக் காற்றை மேலே தள்ள வேண்டும். இதைச் செய்யாததால் இன்று புகை எச்சரிக்கைக் கருவி வீடே அதிர அலறியது.

ராத்திரி அணையாமல் வைக்க, தணலை முன்பக்கம் இழுத்துவிட்டு, பின்னால் சுகர் மேப்பிள் மரத்தின் தடித்த துண்டு மூன்றை வைத்து, கால்மணி நேரம் காற்றை முழுதாகத் திறந்து எரியவிட வேண்டும். பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைக் குறைக்கலாம். நேற்று செய்தது போல வைத்த கையோடு காற்றை மூடினால் கட்டை வேகாமல் புழுங்கும். அந்தப் புகை குழாயில் தாராகப் படியும். கிரியோசோட் என்பார்கள். அது ஒருநாள் பற்றிக்கொண்டால் புகைபோக்கியே கொள்ளிவாய்ப் பிசாசு. சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில், மரத்தளத்தில் அல்ல, வெளியே பனிமேல் வைக்க வேண்டும். சாம்பலுக்குள் கங்கு இரண்டு மூன்று நாள்கூடக் கண்விழித்திருக்கும்.

மார்ச் 3, திங்கள்

இன்னும் குளிர். கிராமத்தின் ஒரே கடையில் பெட்ரோல், பால், மீன்பிடி உரிமம், பீர், சூடான சூப், பாதையில் தூவ உப்பு மூட்டை எல்லாம் கிடைக்கும். டோனட் ஒன்று ஒன்றரை டாலர், முட்டை சாண்ட்விச் ஆறு டாலருக்குப் பக்கம். வாங்கிப் போகும் மளிகைக்கு விற்பனை வரி இல்லை, சமைத்த உணவுக்கு 9 சதவீதம். பறவைக் காய்ச்சலால் நாடு முழுக்க முட்டை விலை எகிறிக் கிடக்கும் நேரம். இங்கே சாலையோரம் ஒரு பழைய ஐஸ்பெட்டியில் டஜன் ஐந்து டாலர் என்று எழுதி, பக்கத்தில் காசு போட ஒரு காபி டப்பா. ஆள் இல்லை. ஆனால் டப்பா பெட்டியோடு சேர்த்து ஆணி அடிக்கப்பட்டிருந்தது.

கல்லாவுக்குப் பக்கத்தில் ‘டவுன் ரிப்போர்ட்’ அடுக்கி வைத்திருந்தார்கள். ஊரின் ஒரு வருடக் கணக்குப் புத்தகம். சாலைக்கு எத்தனை லோடு சரளை, மணல், உப்பு, யார் எவ்வளவு சம்பளம், எத்தனை நாய்க்கு உரிமம், வருடத்தில் பிறந்தவர், இறந்தவர், மணந்தவர் எல்லாம் அதில் உண்டு. வரி கட்டாதவர் பெயரும் பாக்கியும் பட்டியலாகவே அச்சில் வந்திருக்கிறது. பல ஊர்களில் இந்த வழக்கம் உண்டு. வேலி வழக்கு தீர்க்கும் ‘ஃபென்ஸ் வியூவர்’, மரம் அளக்கும் அதிகாரி, நிலக்கரி எடைபோடுபவர் என்று பழைய பதவிகளும் நிற்கின்றன. எடைபோட நிலக்கரிதான் இல்லை.

இந்த ஊரில் எல்லாரும் பேசுவது சொத்துவரி. அதைப் புரிந்துகொள்ள 1997க்குப் போக வேண்டும். பணக்கார ஊர்ப் பள்ளிக்கு ஒரு தரம், ஏழை ஊர்ப் பள்ளிக்கு ஒரு தரம் என்பது செல்லாது என்று பிரிகம் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வருடம் தீர்ப்புச் சொன்னது. அதே வருடம் ஆக்ட் 60 என்ற சட்டம் வந்தது. பள்ளிக்கான சொத்துவரி மாநிலம் முழுவதும் ஒரே குளத்தில் சேர்கிறது. தங்கள் பள்ளி ஒரு மாணவருக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று ஊர் வாக்களிக்கிறது, அதைப் பொறுத்து விகிதம்.

சிக்கல் இனிமேல்தான். ஊரின் மதிப்பீட்டுப் பதிவேடு பழசாக இருந்து, சந்தை விலை மட்டும் ஏறியிருந்தால், மாநிலம் ஒரு சரிக்கட்டும் எண் போடும். பதிவேட்டு மதிப்பு சந்தை விலையில் 80 சதவீதம்தான் என்றால் விகிதத்தை 0.8ஆல் வகுப்பார்கள். கோவிட் காலத்தில் வெளி மாநிலத்தார் வந்து வீடுகளை அள்ளியதில் இந்த எண் பல ஊர்களில் சரிந்தது. ஊர் ஒரு டாலர்கூடக் கூடுதலாகச் செலவழிக்காமலே வரி ஏறும். 2024இல் மாநிலம் முழுவதும் பள்ளிச் சொத்துவரி சராசரியாக 13.8 சதவீதம் ஏறியது. அந்த மார்ச்சில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பள்ளி பட்ஜெட்டுகளை மக்கள் தோற்கடித்தார்கள். இந்த ஜனவரியில் ஆளுநர் ஃபில் ஸ்காட், மாநிலத்தின் பள்ளி நிர்வாகங்களை ஐந்தே மாவட்டங்களாக இணைக்கலாம் என்று திட்டம் வைத்திருக்கிறார். கடையில் காபிக்கு நின்ற மூன்று பேரிடம் மூன்று கருத்து. மூவருக்கும் பொதுவான கேள்வி ஒன்று இருந்தது: ஆறு வயதுப் பிள்ளை ஒருவழிக்கு எவ்வளவு நேரம் பஸ்ஸில் உட்காரும்?

மார்ச் 4, செவ்வாய்

மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய் இங்கே ‘டவுன் மீட்டிங் டே’. மாநில விடுமுறை. தனியார் வேலையில் இருப்பவரும் ஏழு நாள் முன்னதாகச் சொன்னால் சம்பளம் இல்லாத விடுப்பு எடுத்துப் போகலாம் என்று சட்டமே இருக்கிறது. வெயில் வந்து பூச்சியத்துக்கு மேல் ஐந்து டிகிரி. பள்ளியின் கூடைப்பந்து அரங்கில் மடக்கு நாற்காலிகள். வாசலில் வாக்காளர் பட்டியலில் பெயர் சரிபார்த்து ஓர் அட்டை கொடுக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் தனியே ஓரத்தில் உட்கார வேண்டும். சபை மூன்றில் இரண்டு பங்கு சம்மதித்தால் ஒழிய வாய் திறக்கக் கூடாது. நல்ல விதி.

நம் கிராமசபைக் கூட்டம் தெரிந்தவர்களுக்கு இதில் பெரிய வித்தியாசம் ஒன்று கண்ணில் படும். மேடையில் இருப்பவர் தலைவர் அல்ல. மாடரேட்டர் என்று ஒருவரை முதல் தீர்மானத்திலேயே தேர்ந்தெடுக்கிறார்கள். அவருக்குக் கருத்துச் சொல்ல உரிமையில்லை, பேச விடுவதுதான் வேலை. ஊரை நிர்வகிக்கும் செலக்ட்போர்டு கீழே பக்கவாட்டில் மேசை போட்டு, கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கிறது. யார் பேசினாலும் எழுந்து, பெயர் சொல்லி, மாடரேட்டரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் மேல் எவ்வளவு கோபமானாலும் அது ‘மிஸ்டர் மாடரேட்டர்’ வழியாகத்தான் போகும். பாதித் தூரத்திலேயே சூடு ஆறிவிடுகிறது.

இரண்டு மணி நேரத்தில் முக்கால்வாசியைத் தின்றது ஒரே ஒரு லாரி. பனி தள்ளும் பெரிய டம்ப் லாரி, கலப்பையும் உப்பு தூவியும் சேர்த்து இரண்டரை லட்சம் டாலருக்கு மேல். பழையதன் அடிச்சட்டம் உப்பு தின்று துருப்பிடித்துவிட்டது என்று சாலைப் பொறுப்பாளர் கையில் ஒரு செதிலைத் தூக்கிக் காட்டினார். உள்ளங்கை அகலம், வடை தடிமன், விரலால் அழுத்தினால் பொரிந்து உதிர்ந்தது. சேமிப்பு நிதியிலிருந்து பாதி, ஐந்து வருடக் கடன் பாதி என்று தீர்மானம். பின்வரிசையில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த பாட்டி ஊசியை நிறுத்தாமல் கேட்டார்: “இரண்டு ஊர் சேர்ந்து ஒரு லாரி வாங்கினால் என்ன?” பொறுப்பாளரின் பதில்: “பனி இரண்டு ஊரிலும் ஒரே ராத்திரியில் விழுகிறதே, அம்மா.”

வாக்கு குரலால் எடுக்கப்படுகிறது. ஆதரவு ‘ஐ’, எதிர்ப்பு ‘நே’. உடனே மாடரேட்டர் “ஐ வென்றதாகத் தோன்றுகிறது” என்று சொல்லிச் சற்று நிறுத்தினார். பிறகுதான் “ஐ வென்றது.” அந்த இரண்டு வாக்கியத்துக்கு இடையிலுள்ள மௌனம்தான் முக்கியம். அந்த நொடியில் ஒரே ஒருவர் எழுந்து சந்தேகம் சொன்னாலும் தலை எண்ண வேண்டும். ஏழு பேர் கேட்டால் ரகசியச் சீட்டு. இன்று லாரிக்குத் தலை எண்ணினார்கள். ஆதரித்தவர்கள் எழுந்து நின்று, எண்ணியபின் உட்கார்ந்தார்கள், அடுத்து எதிர்த்தவர்கள். லாரி ஜெயித்தது. ஆனால் யார் எதிராக நின்றார் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதனாலேயே பல ஊர்கள் இந்தக் கூட்டத்தை விட்டுவிட்டு, நாள் முழுவதும் பெட்டியில் சீட்டுப் போடும் ‘ஆஸ்திரேலிய வாக்கு’ முறைக்குப் போய்விட்டன. கூட்டத்துக்கு வர முடியாத ஷிப்ட் தொழிலாளிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் அது நியாயம். ஆனால் பெட்டி முறையில் லாரியின் செதிலைத் தூக்கிக் காட்ட முடியாது, தொகையைத் திருத்தவும் முடியாது. ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான்.

மதியம் ஊர்ச் சாப்பாடு, உண்டியலில் விரும்பியதைப் போடலாம். மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சிய பாகு ஊற்றி வேகவைத்த பீன்ஸ், மக்ரோனி சீஸ், பன், பத்துப் பதினைந்து வகை பை. சைவக்காரர்கள் கவனிக்க: பீன்ஸ் சட்டியின் அடியில் உப்பிட்ட பன்றிக்கொழுப்புத் துண்டு கிடக்கும். கேட்டால் சங்கடப்படாமல் சொல்கிறார்கள். ஆப்பிள் பையோடு ஒரு துண்டு செடார் சீஸ் வைத்துத் தருவது இங்கே வழக்கம். முதல் கடியில் விநோதம், இரண்டாவதில் சரியென்று படும்.

சாப்பாட்டு மேசையில் பேச்செல்லாம் கனடா. இன்றுதான் கனடாப் பொருட்களுக்கு 25 சதவீத வரி அமலுக்கு வந்தது, எரிசக்திக்கு 10. வெர்மான்ட்டின் மின்சாரத்தில் கணிசமான பங்கு க்யூபெக்கிலிருந்து வருகிறது. மேப்பிள் காய்ச்சும் கருவிகளிலும் பல அங்கேயே செய்யப்படுபவை. எல்லை இங்கிருந்து ஒன்றரை மணி நேரம்.

மார்ச் 5, புதன்

மழை. பகலில் பத்து டிகிரி. தெற்குப் பார்த்த மேட்டில் சாலை நிறம் மாறிவிட்டது.

வெர்மான்ட்டில் சாலைகளில் பாதிக்கு மேல் மண்சாலை. குளிர்காலத்துக்கும் வசந்தத்துக்கும் நடுவே இவர்கள் ‘மட் சீசன்’ என்று ஐந்தாவது பருவம் ஒன்றை எண்ணுவது இதனால்தான். முழுப் பருவம் பொதுவாக மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும். இன்று கண்டது அதன் முன்னோட்டம். வயலுக்குப் பனி போர்வையாக இருப்பதால் மண் அவ்வளவு ஆழம் உறையாது. சாலையிலோ பனியை வழித்துவிடுகிறார்கள், அதனால் குளிர் மூன்று நான்கு அடிவரை இறங்கிவிடும். இளகும்போது மேலிருந்து இளகும். மேல் ஆறு அங்குலம் கூழ், அதன்கீழ் கல் போன்ற உறைமண். தண்ணீர் இறங்க வழியில்லை. தட்டில் ஊற்றிய களி மாதிரி நிற்கும். மேலே ஓடும் ஒவ்வொரு சக்கரமும் அதைப் பிசைந்துவிடுகிறது.

ஓட்டும் விதிகள் இவை: காலை ஒன்பதுக்குள், ராத்திரி உறைந்தது இளகும் முன், போய்விட வேண்டும். மேட்டில் ஏறும்போது வேகத்தை விடாமல், ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதிக்காமல், ஒரே சீராகப் போக வேண்டும். ஆழமான சக்கரத்தடத்துக்குள் இறங்காமல், தடங்களின் நடுமேட்டில் ஒரு சக்கரம், ஓரத்தில் ஒரு சக்கரம் என்று பிடிக்க வேண்டும். ஆனால் ஓரத்தை நம்பி அதிகம் ஒதுங்கினால் வாய்க்கால் விழுங்கிவிடும். கனரக லாரிகளுக்கு ஊர்கள் எடைக்கட்டுப்பாடு போடுகின்றன, பல இடங்களில் 15,000 பவுண்டு. அதனால் விறகு, எண்ணெய், மரம் எல்லாம் அதற்கு முன்பே வந்துசேர வேண்டும். பள்ளி பஸ் மேலே ஏறாது. பெற்றோர் பிள்ளைகளைத் தார்ச்சாலை வரை கொண்டுவந்து விட வேண்டும்.

பதினொரு மணிக்குக் கிளம்பிய வாடகைக் கார், மேட்டின் பாதியில் வயிறு தட்டி நின்றது. சக்கரத்தைச் சுழற்றினால் இன்னும் இறங்கும், உடனே நிறுத்திவிட வேண்டும். இருபது நிமிடத்தில் ஒரு டிராக்டர் வந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி: “கொக்கி எங்கே?” முன்பம்பரில் ஒரு சின்னச் சதுர மூடி இருக்கும். அதைப் பெயர்த்து, டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்பு வளையத்தைக் கடைசி மரை வரை திருகி மாட்ட வேண்டும். பாதி திருகினால் பிய்ந்துகொண்டு கண்ணாடிக்குப் பறக்கும். அடியில் தென்படும் ஏதாவதொரு கம்பியில் கயிறு கட்டினால் வண்டி வெளியே வரும், ஆனால் சக்கரங்கள் ஒன்றையொன்று பார்க்காமல் வரும். இழுக்கும்போது கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும்.

பணம் வாங்கவில்லை. சட்டைப்பையில் வைக்கப் போனதற்கு லேசாக முகம் சுளித்தார். மாட்டிக்கொண்டதற்கு இந்த ஊரில் யாரும் கோபிப்பதில்லை. சக்கரத்தை விடாமல் சுழற்றி நடுச்சாலையில் கிணறு தோண்டிவிட்டுப் போவதற்குத்தான் கோபம். அந்தக் குழி ராத்திரி உறைந்து, காலையில் அடுத்தவர் அச்சை உடைக்கும்.

இதற்கு நிரந்தர மருந்து உண்டு. சாலையை ஒன்றரை அடி வெட்டி எடுத்து, ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, மேலே பெரிய ஜல்லி, அதன்மேல் சரளை போட்டு, நடுவை உயர்த்தி ஓர் அடிக்கு அரை அங்குலம் சரிவு வைத்து, இருபுறமும் வாய்க்கால் திறக்க வேண்டும். துணி இல்லாமல் ஜல்லி கொட்டினால் அடுத்த வருடம் ஜல்லியையும் சேறு குடித்துவிடும். மைல் கணக்கில் செய்யப் பணம் இல்லை. வருடத்துக்கு இரண்டு மோசமான இடம் என்று செய்துகொண்டே போகிறார்கள்.

மார்ச் 6, வியாழன்

சாலைக்கு எது கேடோ அதுவே மேப்பிளுக்கு நல்லது. இரவு பூச்சியத்துக்குக் கீழே, பகல் மேலே என்று ஊசலாடினால்தான் மரத்துக்குள் அழுத்தம் மாறிச் சாறு ஓடும். இரண்டு நாளாக ஓடிய சாற்றை இன்று ஒரு கொட்டகையில் காய்ச்சினார்கள். கூரை உச்சியில் நீளத் திறப்பு, அதன்வழி நீராவித் தூண். தூரத்திலிருந்து பார்த்தால் தீப்பிடித்த மாதிரி இருக்கும். உள்ளே கால் வைத்ததும் பனங்காட்டில் பதநீர் காய்ச்சும் நினைவு வந்துவிடும். அதே புழுக்கம், அதே மூக்கில் ஒட்டும் இனிப்பு, அதே விடாத விறகுத் தீனி.

மரம் குறைந்தது பத்து அங்குல விட்டம் இருக்க வேண்டும். ஒன்றரை அங்குலத்திலிருந்து இரண்டு அங்குல ஆழம், ஒரு அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு அகலத்தில், சற்று மேல்நோக்கித் துளை. துளைக்கும்போது வரும் தூள் வெள்ளையாக இருந்தால் உயிர் மரம், காப்பிநிறமானால் பழைய காயத்தில் குத்திவிட்டோம் என்று பொருள், அங்கே சாறு வராது. வாளி இப்போது பெரும்பாலும் படத்துக்குத்தான். மரத்துக்கு மரம் நீலக் குழாய், கூடவே வாக்குவம் பம்பு. அணில் கடித்த ஓட்டை ஒன்று இருந்தால் மொத்த மலையின் அழுத்தமும் போய்விடும். அதனால் தினமும் பனிக்காலணி போட்டுக் குழாய்க்கோடு நடக்க ஓர் ஆள்.

சாற்றில் சர்க்கரை ஏறத்தாழ 2 சதவீதம். வாயில் வைத்தால் தண்ணீர்தான், விழுங்கியபின் ஒரு சந்தேகம் போல இனிப்பு. 86ஐச் சர்க்கரை சதவீதத்தால் வகுத்தால், ஒரு காலன் பாகுக்கு எத்தனை காலன் சாறு என்று வரும். 2 சதவீதத்துக்கு 43. இவ்வளவையும் விறகால் வற்றவைத்தால் காடு போதாது. எனவே ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ் இயந்திரத்தில் முதலில் பெரும்பகுதித் தண்ணீரைப் பிரித்துவிட்டு, மீதியைத்தான் அடுப்பில் ஏற்றுகிறார்கள்.

பதம் பார்ப்பது அழகு. தண்ணீர் கொதிக்கும் வெப்பத்துக்கு மேல் ஏழு டிகிரி ஃபாரன்ஹீட் என்பது கணக்கு. ஆனால் தண்ணீர் கொதிநிலையே காற்றழுத்தத்தோடு மாறுவதால், அன்றன்று தண்ணீரைக் கொதிக்கவைத்து அளந்துகொள்ள வேண்டும். காய்ச்சுபவர் தட்டையான கரண்டியை முக்கிப் பக்கவாட்டில் பிடித்தார். முதலில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. நாலைந்து நிமிடம் கழித்து மறுபடி பிடித்தபோது சொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, கரண்டி விளிம்பில் மெல்லிய திரை போலத் தொங்கி, பிறகுதான் அறுந்தது. நம் ஊரில் விரலிடுக்கில் கம்பி பார்ப்பார்கள், இங்கே திரை. உடனே வால்வைத் திறந்தார். அரை நிமிடம் தாமதித்தால் காய்ச்சும் தட்டு கருகும், தட்டு விலை ஆயிரக்கணக்கில். பொங்கினால் ஒரு சொட்டு எண்ணெய் அல்லது வெண்ணெய், உடனே அடங்குகிறது.

பிறகு அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர். வெர்மான்ட் தன் பாகுக்குப் பல இடங்களைவிடச் சற்றுக் கூடுதல் அடர்த்தி விதித்திருக்கிறது, 66.9 பிரிக்ஸ், அதாவது நூற்றில் 66.9 பங்கு சர்க்கரை. குறைந்தால் புளிக்கும், மிகுந்தால் புட்டியடியில் கற்கண்டு. நிறத்தால் நான்கு தரம்: கோல்டன், ஆம்பர், டார்க், வெரி டார்க். பருவத் தொடக்கத்தில் வெளுப்பு, போகப்போகக் கருப்பு. விலை உயர்ந்தது கோல்டன் என்று நினைக்க வேண்டாம், நான்கும் ஏறத்தாழ ஒரே விலை. காப்பிக்கும் பாயசத்துக்கும் வெரி டார்க்தான், கருப்பட்டி வாடை இருக்கும். மொட்டு தடித்ததும் சாற்றில் ஒரு கெட்ட வாடை ஏறும். அன்று குழாயைக் கழற்றிவிடுவார்கள். அமெரிக்காவின் மேப்பிள் பாகில் பாதிக்கு மேல் இந்தச் சின்ன மாநிலத்திலிருந்து வருகிறது.

கடைசியில் பாகை இன்னும் முறுக்கிப் பனிமேல் ஊற்றி ஜவ்வு மிட்டாயாகச் சுருட்டித் தந்தார்கள். கூடவே ஒரு டோனட், ஒரு வெள்ளரி ஊறுகாய். ஊறுகாய் எதற்கு என்று மூன்றாவது சுருளில் புரிந்தது. புளிப்பு இல்லாமல் நான்காவது இறங்காது.

மார்ச் 7, வெள்ளி

மறுபடி மைனஸ், பலத்த காற்று. மான்ட்பீலியருக்குப் போகும் வழியில் ஐம்பது மைல் வேகத்தில் ஸ்டீயரிங் உதறத் தொடங்கியது. புதன்கிழமைச் சேறு சக்கர விளிம்புக்குள் ஒருபக்கமாக உறைந்து கிடக்கிறது, அவ்வளவுதான். ஒரு பழைய ஸ்பாட்டுலாவால் குத்தி எடுத்தால் தீர்ந்தது. தெரியாதவர்கள் வீல் பேலன்ஸுக்குக் காசு கொடுப்பார்கள்.

அமெரிக்க மாநிலத் தலைநகரங்களில் மிகச் சிறியது இது, ஏறத்தாழ எட்டாயிரம் பேர். மெக்டொனால்ட்ஸ் இல்லாத ஒரே தலைநகரமும் இதுதான். தங்கக் குவிமாடச் சட்டமன்றத்துக்குள் நேராக நடந்து போகலாம். ஆனால் கடைத்தெருவில் எல்லாரும் பார்ப்பது ஆற்றை. 2023 ஜூலை 10, 11இல் வினூஸ்கி ஆறு நகரின் நடுவை மூழ்கடித்தது. சரியாக ஒரு வருடம் கழித்து அதே ஜூலை 10, 11இல் மறுபடி வெள்ளம். இம்முறை அடி பக்கத்து ஊர்களுக்கு. பிளெயின்ஃபீல்டில் ஓடை ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் பெரும்பகுதியைக் கொண்டுபோனது. மார்ச்சிலும் நிம்மதி இல்லை. 1992 மார்ச் 11 அன்று ஆற்றுப் பனிப்பாளங்கள் பாலத்தடியில் அடைத்துக்கொண்டு நகரத்துக்குள் தண்ணீர் ஏறியது.

திறந்த கடைகளில் மின்பெட்டி நிலவறையிலிருந்து தலைக்கு மேலே போயிருக்கிறது. கொதிகலனும் மாடிக்கு. தரையில் மரத்துக்குப் பதில் ஓடு, சுவரில் நான்கடி உயரம்வரை தண்ணீர் பட்டால் கழற்றிக் காயவைக்கும் பலகை. மலை செங்குத்து, பள்ளத்தாக்கு குறுகல், ஊரும் சாலையும் ஆற்றை ஒட்டியே கட்டப்பட்டவை. மேலே ஒரு மண்சாலைக்கு அடியில் தண்ணீரைக் கடத்தும் கல்வெர்ட் குழாய் அடைத்தாலே போதும், சாலை அறுந்து சரளை முழுவதும் கீழூர் ஓடையில் கொட்டும். இப்போது ஊர்ச்சாலைகளுக்குக் குறைந்தது 18 அங்குலக் குழாய் என்று விதி. பழைய 12 அங்குலக் குழாய்கள் இன்னும் ஏராளம்.

இரவு எட்டுக்குக் காற்றில் மரம் விழுந்து மின்சாரம் போனது. கிணற்றுப் பம்பு நின்றால் குழாயில் தண்ணீர் இல்லை, கழிப்பறையும் ஒருமுறைக்குத்தான். இரண்டு வாளி நிரப்பி வைப்பது இங்கே தினசரிப் பழக்கம். இல்லாதவர்கள் பனியை அண்டாவில் உருக்க வேண்டும். அண்டா நிறையப் பனிக்கு அடியில் நான்கு விரல்கடைத் தண்ணீர்தான் கிடைக்கும்.

மார்ச் 8, சனி

கிளம்பும் நாள், குப்பை நாள். வீட்டுக்கு வந்து எடுப்பவர்கள் குறைவு. சனிக்கிழமை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஊர்க் குப்பை நிலையத்துக்கு நாமே கொண்டுபோக வேண்டும். பை ஒன்றுக்கு ஆறு டாலர், துளையிடும் அட்டை, அட்டையைக் கிராமக் கடையில் முன்பே வாங்கியிருக்க வேண்டும். மறுசுழற்சிக்குத் தனிக்கட்டணம் இல்லை. 2020 ஜூலை 1 முதல் உணவுக்கழிவைக் குப்பையில் போடுவது சட்டப்படி தடை. அதற்குத் தனி வாளி. பீர், சோடா புட்டிக்கு ஐந்து சென்ட், விஸ்கி போன்ற கடும்மதுப் புட்டிக்குப் பதினைந்து சென்ட் திரும்பக் கிடைக்கும். பலர் அதை வாங்காமல் தீயணைப்புப் படைக்கான பீப்பாயில் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

இலவசக் கொட்டகை ஒன்று உண்டு. வேண்டாததை வைத்துவிட்டு வேண்டியதை எடுக்கலாம். ஒரு ஜோடி ஸ்கேட், பாதி எரிந்த மெழுகுவர்த்திகள், நல்ல நிலையில் ஓர் இரும்பு வாணலி. வாணலியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் பணியாளர், அது நாலாவது வாரமாக வந்து போகிறது, கைப்பிடி ஆடும் என்றார்.

உணவுக்கழிவு வாளி ராத்திரிக் குளிரில் ஒரே கட்டியாக உறைந்துவிட்டது. கவிழ்த்தால் விழவில்லை. பணியாளர் வாளியை வாங்கி, தரையில் இரண்டு பக்கமும் சுழற்றிச் சுழற்றித் தட்டி, அடியில் ஒரு உதை விட்டார். எலுமிச்சைத் தோலும் தேயிலையுமாக முழு வாரமும் வாளி வடிவத்திலேயே தொட்டிக்குள் விழுந்தது. அடுத்த முறை அடியில் ஒரு செய்தித்தாள் போடச் சொன்னார். பத்து மணி ஆகப்போகிறது, மேட்டுச் சாலை இளகும் முன் கிளம்பிவிடுங்கள் என்றும் சொன்னார்.